மொட்டை மாடிக் கம்பம் காற்றைத் தாங்குமா?

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே வசிக்கும் நான் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளன். ஓராண்டுக்கு முன் வாங்கி மொட்டை மாடியில் நிறுத்திய 12 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க் கம்பம், சித்திரையில் கோடை மழையோடு வந்த சூறைக்காற்றில் மடங்கி, யாகி ஆன்டெனாவும் நொறுங்கியது. கடைக்காரர் இயற்கைச் சீற்றம் என்று கைவிரித்துவிட்டார். இப்போது வேறொரு விற்பனையாளர், தமது கம்பம் மணிக்கு 120 கி.மீ. காற்றைத் தாங்கும் என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். எத்தனை சதுர மீட்டர் பரப்புள்ள ஆன்டெனாவை உச்சியில் வைத்து, கம்பத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் எத்தனை ஸ்டே கம்பிகளோடு தாங்கும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும்; 120 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 68 கிலோ எடைக்கு ஈடான விசை அழுத்தும்.

ஆன்டெனாவைவிட ஸ்டே கம்பிக்கும் அதன் பிடிமானத்துக்கும் பணம் ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. 12 மீட்டர் கம்பத்துக்கு இரண்டு உயரங்களில், மூன்று திசைகளில், முறுக்கிய ஜி.ஐ. கம்பி தேவை; வெயிலில் நைந்து, இழுக்க இழுக்க நீளும் நைலான் கயிறு உதவாது. கம்பியின் கீழ்முனை கம்பத்தின் அடியிலிருந்து, அதன் உயரத்தில் முக்கால் பங்கு தூரத்தில், அதாவது 9 மீட்டரில் இருப்பது நல்லது. மாடியில் அவ்வளவு இடம் இல்லையென்றால் கம்பத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, கைப்பிடிச் சுவரில் கொக்கி அடிக்கக் கூடாது. கம்பத்தோடு சுவரும் தெருவில் விழும். மடக்கிய கம்பி முனையை இறுக்கிப் பிடிக்க மூன்று கிளிப்புகளாவது போட்டு, கிளிப்பின் யூ-போல்ட் கம்பியின் வெட்டிய வால் பக்கமும், அதன் அடிக்கட்டை இழுவை ஏற்கும் பக்கமும் அமையுமாறு முடுக்கச் சொல்லுங்கள். கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் என்ற திருகு காற்றின் அதிர்வில் தானாகக் கழன்றுவிடாதபடி அதனூடே ஒரு கம்பியைக் கோத்துக் கட்டுவதும் அவசியம்.

குழாயில் மஞ்சள் பட்டை லேசான ரகம், நீலம் நடுத்தரம், சிவப்பு கனமான ரகம். 40 மி.மீ. குழாயில் நீலத்தின் சுவர் 3.2 மி.மீ., சிவப்பின் சுவர் 4 மி.மீ.; வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஆகவே மடங்கிய பழைய குழாயைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். ஒரு முனையை அறுத்து வெர்னியர் காலிப்பரால் சுவரை அளந்து பாருங்கள். பில்லில் கனமான ரகம் என்றிருந்து அளவு குறைந்தால், அது காற்றின் குற்றம் மட்டுமன்று, பொருளின் குறைபாடும்கூட. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால், கடை எங்கிருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணமும் இல்லை.