நிகாப் போட்டுக்கொண்டு ஓட்டுப் போடலாமா?

கேள்வி: பிரான்ஸ் போல இங்கும் முகத்திரைக்குத் தடை உண்டா? வாக்குச்சாவடியில் நிகாபைக் கழற்றச் சொல்வார்களா?
- வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: பொது இடத்தில் முகம் மூடக் கூடாது என்று நாடு முழுமைக்குமான சட்டம் இங்கே கிடையாது. பிரான்ஸில் 2011 ஏப்ரல் முதல் 150 யூரோ வரை அபராதம். 2014-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்றது ‘சேர்ந்து வாழ்தல்’, அதாவது சமூகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பழகுதல், என்ற காரணத்துக்காக. பாதுகாப்பு என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. தடை கேட்பவர்கள் இதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

ஓட்டு விஷயம் வேறு. வாக்காளர் பட்டியலில் முகம் தெரியும் படம் கூடாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-லேயே தள்ளுபடி செய்துவிட்டது. எனவே சாவடியில் முகம் காட்டத்தான் வேண்டும். ஆனால் எல்லோர் முன்னிலும் அல்ல. மறைவான இடத்தில், பெண் அலுவலரிடம் காட்டுகிறேன் என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லுங்கள். கட்சி ஏஜென்ட் திரையை விலக்கச் சொல்ல முடியாது. சந்தேகமென்றால் அவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். விசாரித்து முடிவெடுப்பவர் சாவடியின் தலைமை அலுவலர்தான். அட்டையிலுள்ள படம் மங்கிப்போயிருந்தால் இழுபறியாகும், ஆதாரையோ பாஸ்போர்ட்டையோ கையோடு எடுத்துப்போங்கள். கையுறை போடுபவரானால் இடது கையில் கழற்றிவிடுங்கள், ஆள்காட்டி விரலில் மை வைக்க வேண்டுமே!