தட்டை நீட்ட மறுக்கும் பிள்ளைகள்

கேள்வி: தீபாவளிக்கு எங்கள் அடுக்ககத்தின் பன்னிரண்டு வீடுகளுக்கும், வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, அயர்ன் வண்டிக்காரர் எல்லோருக்கும் பட்சணம் கொடுப்பது என் வழக்கம். எட்டாவது படிக்கும் மகளும் ஐந்தாவது படிக்கும் மகனும் கூட வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார்கள். போன வருடம் திட்டித்தான் இழுத்துப் போனேன். மகள் ஒவ்வொரு வாசலிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கும் பழக்கமே இல்லாமல் வளர்ந்துவிடுவார்களோ?
- ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அந்தப் பன்னிரண்டு வாசலிலும் உங்கள் மகளிடம் என்ன கேட்டார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? நான் சொல்லட்டுமா? "எத்தனாவது படிக்கிறே? குவார்ட்டர்லியில எவ்வளவு?" ஒரு வீட்டில் "என்னடி இப்படி இளைச்சுட்டே", அடுத்த வீட்டில் "கொஞ்சம் பூசினாப்பல இருக்கே." அப்புறம் நீங்களும் அந்த வீட்டம்மாவும் தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர் என்று பேசி முடிக்கும்வரை அவள் தட்டும் கையுமாக நின்றிருப்பாள். காட்சிப்பொருளாக நிற்கப் பிடிக்காததற்குக் கஞ்சத்தனம் என்று பேர் வைத்துவிடாதீர்கள்.

பன்னிரண்டு வீடு வேண்டாம். மூன்று வீட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பெல் அடித்து, "ஹாப்பி தீபாவளி ஆன்ட்டி, அம்மா கொடுக்கச் சொன்னாங்க" என்று நீட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் லிஃப்ட் பக்கத்தில் நின்றால் போதும், வாயைத் திறக்காமல்.

மகனை முதல் நாளே அடுப்படிக்கு இழுத்துவிடுங்கள். மாவை நாழியில் அடைத்துக் கொடுத்து, முறத்தில் துணி விரித்து அதன்மேல் பிழியச் சொல்லுங்கள். எண்ணெய் வேலை உங்களுடையது. என் பேரன் பிழிந்த முறுக்கு ஒன்று இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. அதை ஒருத்தரும் தொடக் கூடாது என்று தனியாக எடுத்து வைத்து, மூன்றாம் மாடித் தாத்தாவிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அதுவரை அவனும் "நான் வரலை" கட்சிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் கொஞ்சம் வெட்கக்கேடான சமாசாரம். முப்பது வருடத்துக்கு முன், கும்பகோணத்தில் இருந்தபோது, எட்டு வயது மகளிடம் பொட்டலங்களைக் கொடுத்து அனுப்புவேன். அக்கம்பக்கத்துக்கு எவர்சில்வர் தட்டு, மேலே லேஸ் துணி, உள்ளே உடையாத அதிரசம். பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவுக்கு மட்டும் நியூஸ் பேப்பரில் நொறுங்கின ரிப்பன் பக்கோடாவும் ஓரம் கருகின தட்டையும். மாமியார் காலத்துப் பழக்கம், நானும் யோசிக்காமல் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பொட்டலத்தை மகள் தொட மாட்டேன் என்றாள். திமிர் என்று நினைத்து நன்றாகத் திட்டினேன். ராத்திரி படுக்கையில் கேட்டாள்: "அவங்களுக்கு மட்டும் ஏன்மா உடைஞ்சது?" வாயில் போட்டால் எல்லாம் ஒன்றுதானே என்று சமாளித்தேன். "அப்ப எதிர்வீட்டு மாமிக்கு அதைக் கொடு" என்றாள்.

அடுத்த தீபாவளிக்கு எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி கட்டினேன். உடைந்ததை நாங்கள் பத்து நாள் தின்றோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாட்ச்மேனுக்குப் போகும் டப்பாவையும் செக்ரட்டரி வீட்டுக்குப் போகும் டப்பாவையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அவர் கையில் கொடுக்கும்போது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு போட்டோவே போதும், அடுத்த வருடம் கதவைச் சாத்திக்கொள்ள.

பையனுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்திருக்கிறது. குப்பைக்கு மறுநாள் காலைதான். சென்னையில் பட்டாசுக் குப்பையைத் தனியாகச் சேகரித்துக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வாசல் குப்பையைத் தண்ணீர் தெளித்து அணைத்து, அவனே ஒரு சாக்கில் அள்ளி வைக்கட்டும். தூய்மைப் பணியாளர் வரும்போது சாக்கோடு சேர்த்துப் பட்சணப் பொட்டலத்தையும் கொடுக்கட்டும். கூச்சப்படும் பையனுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் நல்லதுதானே!

அப்புறம், வெறும் தட்டைத் திருப்பி அனுப்பாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றுமில்லை என்றால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது வரும். திரும்பி வரும் தட்டைத் திறந்து பார்க்கும் உரிமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவருக்குத்தான் என்று வீட்டில் அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகன் தன் கம்பி மத்தாப்பில் ஒன்றைக்கூடப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறான். சண்டை போட்டு வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம் சார். அவன் பெட்டி அவனிடமே இருக்கட்டும். நீங்கள் கூட ஒரு பெட்டி வாங்கி, இது பொது என்று திண்ணையில் வையுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை தன் மத்தாப்பை இவன் மத்தாப்பில் பற்ற வைத்துக்கொள்ளக் கேட்டால் மாட்டேன் என்கிறானா, பாருங்கள். நான் பார்த்தவரை எந்தப் பையனும் அதற்கு மறுத்ததில்லை. ஒரு வாளித் தண்ணீரோடு நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.