கணினி கேள்வி – பதில்: சந்தா முடிந்தால் சர்வர் நின்றுவிடுமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். ஆர்டர் விவரம், சாயப்பட்டறைக் கணக்கு, பேக்கிங் பட்டியல் எல்லாம் ரெட் ஹாட் லினக்ஸ் நிறுவிய இரண்டு சர்வர்களில் உள்ளன. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் சர்வர் நின்றுவிடும், அதைப் பயன்படுத்துவதே சட்டவிரோதம் என்கிறார் எங்களுக்கு விற்றவர். திறந்த மூல மென்பொருளுக்கு எதற்காகப் பணம் கட்ட வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: சர்வர் நிற்காது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குரிய உரிமம் 1991-இல் வெளியான, ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு. விலை வைத்து விற்பதை அது தடுப்பதில்லை. மென்பொருளைப் பெறுபவருக்கு மூலநிரலும் (மென்பொருளை உருவாக்க எழுதிய நிரல் வரிகள்), அதை மாற்றவும் பகிரவும் உரிமையும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. நிபந்தனையை மதிக்கும்வரை அந்த உரிமை காலாவதியாவதில்லை.

நீங்கள் ஆண்டுதோறும் கட்டுவது வேறொன்றுக்கு: சோதித்துத் தரப்படும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கும், சிக்கல் நேரும்போது பொறுப்பேற்றுப் பதில் சொல்லும் பொறியாளருக்கும். சந்தா முடிந்த அன்று சர்வர் வழக்கம்போலவே ஓடும். ஆனால் அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அதில் அடைபடாமலே இருக்கும். இணையத்தோடு இணைந்த சர்வரை அப்படி விட்டுவைப்பது, என் கருத்தில், சந்தாத் தொகையைவிடப் பெரிய செலவு.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு சர்வருக்கு மட்டும் சந்தா கட்டி, அதில் பெறும் திருத்தங்களை மற்றொன்றிலும் போட்டுக்கொள்ள ரெட் ஹாட் நிறுவனத்தின் ஒப்பந்தம் இடம் தராது. சந்தா வைத்திருக்கும்வரை அவர்களுடைய லினக்ஸ் ஓடும் எல்லாச் சர்வர்களையும் கணக்கில் காட்டியாக வேண்டும். விற்றவர் சட்டவிரோதம் என்று சொன்னது ஒருவேளை இதைக் கருதியதாக இருக்கலாம். ஆகவே, ஆர்டர் விவரம் உள்ள சர்வருக்குச் சந்தாவைப் புதுப்பித்துவிட்டு, மற்றதை ரெட் ஹாட் லினக்ஸை ஒத்த ஆல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டும் இலவசம், ஏற்கெனவே பழகிய கட்டளைகளே போதும். இதே வகையில் முன்பு பலர் பயன்படுத்திய இலவச சென்ட்ஓஎஸ் வேண்டாம்: அதன் 8-ஆம் பதிப்பை 2029 வரை பராமரிப்பதாகச் சொல்லிவிட்டு 2021 இறுதியிலேயே நிறுத்தினார்கள், 7-ஆம் பதிப்புக்கான திருத்தங்களும் 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டன.

புதுப்பிக்கும் முன் சந்தாவின் தரத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மிகக் குறைந்த தரத்தில் திருத்தங்கள் மட்டுமே வரும், உதவிக்கு ஆள் கிடையாது. நடுத்தரத்தில் அலுவலக நேரத்தில் மட்டுமே ஆதரவு கிடைக்கும். கடும் சிக்கலுக்கு இரவு பகல் பாராத உதவி உயர்ந்த தரத்தில்தான் உண்டு. கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் வாரத்தில் இரவு ஷிப்டும் ஓடும் நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. எந்தத் தரமானாலும், உங்களுக்கென்று எழுதிய கணக்கு மென்பொருளின் பிழைகளை அவர்கள் திருத்தித் தர மாட்டார்கள். தரவின் நகலைத் தனியே எடுத்து வைப்பதும் உங்கள் வேலைதான்.

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதி விற்கிறேன். தரவுத்தளமாக போஸ்ட்கிரெஸ்கியூஎல் அல்லது மாங்கோடிபி வைத்தால் என் மூலநிரலை வெளியிட வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் உரிமம் மிகவும் தாராளமானது. பதிப்புரிமை அறிவிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும். மாங்கோடிபி 2018 அக்டோபரில் எஸ்எஸ்பிஎல் என்ற கடுமையான உரிமத்துக்கு மாறியது. ஆனால் அந்தத் தரவுத்தளத்தையே ஒரு சேவையாகப் பிறருக்கு வழங்குவோரைத்தான் அதன் கடுமையான பிரிவு கட்டுப்படுத்தும். இரண்டில் எது என்று கேட்டால், பில்லிங் வேலைக்கு நான் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லையே பரிந்துரைப்பேன். அதன் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டுகள் திருத்தங்கள் இலவசமாகவே வருகின்றன.