முகம் தெரியாத 14 பேர்

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ஒழுங்காக வேலைக்குப் போகிறான். வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், கையில் கைபேசி, அதில் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற விளையாட்டு. யாரென்றே தெரியாதவர்களோடு நாலு வருடமாக இப்படித்தான். போன வாரம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "இன்னும் ஒரு அட்டாக் பாக்கி இருக்குக்கா, என்னை நம்பி 14 பேர் இருக்காங்க" என்று பாதியில் எழுந்து போய்விட்டான். முகம் தெரியாத ஆட்களிடம் அப்படி என்ன இருக்கிறது? இது போதையா?

பதில்: உங்கள் தம்பியே பதிலைச் சொல்லிவிட்டார், நீங்கள்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "என்னை நம்பி 14 பேர் இருக்காங்க" என்று ஒரு மனிதன் சொல்லும்போது விளையாட்டைப் பற்றியா பேசுகிறான்?

அந்த 14 யார் என்று சொல்கிறேன். கிளான் என்றால் அந்த விளையாட்டில் சேர்ந்து ஆடும் குழு. பதினைந்துக்குப் பதினைந்து என்று இரண்டு கிளான்கள் மோதும் கிளான் வார் அது. ஆளுக்கு இரண்டு அட்டாக், அடித்து முடிக்க 24 மணி நேரம் கெடு. யார் அடித்தார், யார் இன்னும் அடிக்கவில்லை என்பது எல்லோர் கண்ணிலும் படும். மோசமாக ஆடித் தோற்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், "பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார்கள். ஆனால் வந்து அடிக்காமலேயே விட்டால் மற்றவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கும். அன்றைக்கு உங்கள் தம்பி எழுந்து போனது அந்த வலியைக் கொடுக்கக் கூடாது என்றுதான்.

இதில் சேர்வதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டிருப்பார், இல்லை பொழுது போகாமல் இருந்திருக்கும். அந்த ஆட்டமே ஆளைக் கூட்டத்துக்குள் தள்ளிவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு கிராமம். ஆரம்பத்திலேயே உங்கள் கிராமத்தில் இடிந்த கோட்டை ஒன்று கிடக்கும், அதைக் கட்டி எழுப்பினால்தான் கிளானில் சேர முடியும். கிளானில் அதிகபட்சம் 50 பேர். சேர்ந்த பிறகு "படை வேண்டும்" என்று கேட்டால், மற்றவர்கள் வீரர்களை உங்கள் கோட்டைக்கு அனுப்புவார்கள். நீங்கள் தூங்கும்போது யாராவது உங்கள் கிராமத்தைத் தாக்கினால் அந்த வீரர்கள் வெளியே வந்து சண்டை போடுவார்கள். காலையில் எழுந்து பார்க்கிறீர்கள், எங்கேயோ இருக்கிற ஒருவர் கொடுத்த படை ராத்திரி முழுக்க உங்கள் வீட்டைக் காத்திருக்கிறது. நானும் மூன்று வருடம் ஒரு கிளானில் இருந்தவன், அதனால் சொல்கிறேன்: முதல் தடவை அதைப் பார்க்கும்போது மனசுக்குள் ஏதோ ஒன்று இளகிவிடும்.

சேர்வது அப்படி. நிலைத்து நிற்பது வேறு கதை. ஆட்டம் ஆறே மாதத்தில் சலித்துவிடும், எனக்கும் சலித்தது, அதற்கப்புறமும் இரண்டரை வருடம் நான் போனது அங்கே இருந்தவர்களுக்காக. எங்கள் கிளானில் ஒருவர் அதிகம் பேசமாட்டார், யார் கேட்டாலும் முதலில் படை அனுப்புவது அவர்தான். ஒருநாள் அவரை 'எல்டர்' ஆக்கினோம். அந்த விளையாட்டில் அது சின்னப் பதவிதான், சாதாரண உறுப்பினருக்கு ஒரு படி மேல். அன்றைக்கு அவர் எழுதியது இன்னும் நினைவில் இருக்கிறது: "வேலையில் பதினோரு வருஷமாச்சு, யாரும் என்னை எதுக்கும் கூப்பிட்டதில்லை. ரொம்ப நன்றி." பிறகு ஒரு சமயம் நாலு நாள் அவரைக் காணவில்லை. ஐந்தாம் நாள் வந்து அப்பா ஆஸ்பத்திரியில் என்றார். அதற்குள் பன்னிரண்டு பேர் "எங்கே போனீங்க, எல்லாம் சரிதானே" என்று கேட்டு எழுதியிருந்தார்கள். காணவில்லை என்றால் தேட ஆள் இருக்கிறது என்பது எத்தனை பேருக்கு வாய்க்கிறது, சொல்லுங்கள்.

ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1989-ல் 'மூன்றாம் இடம்' என்ற கருத்தை முன்வைத்தார். வீடு ஒன்று, வேலை செய்யும் இடம் இரண்டு, இந்த இரண்டும் இல்லாமல் யாரும் யாருக்கும் மேல் கீழ் என்றில்லாமல் உட்கார்ந்து பேசும் இடம் மூன்றாவது. 2006-ல் கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலர், டிமிட்ரி வில்லியம்ஸ் இருவரும் கணினியில் ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தக் கண்ணோடு பார்த்து, அவையும் மூன்றாம் இடங்கள்தான் என்று எழுதினார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். அங்கே விதவிதமான மனிதர்களோடு பழக்கம் கிடைக்கும், ஆனால் மனம் உடைந்து அழும்போது தாங்கிப் பிடிக்கிற ஆழமான உறவு பெரும்பாலும் கிடைக்காது என்று. இது கைபேசிக்கும் பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆகவே அக்காவின் இடத்தை அந்த 14 பேர் பிடித்துவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம்.

போதையா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் வைத்திருக்கும் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இருக்கிறது. அதற்கு, ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போய்விட வேண்டும், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதுவே முதலில் வர வேண்டும், கெடுதல் நடந்தும் விட முடியாமல் இருக்க வேண்டும், வாழ்க்கை குலையும் அளவுக்கு இது பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வேலைக்கு ஒழுங்காகப் போகிறவரை, ஒருநாள் சாப்பாட்டில் எழுந்து போனதற்காக அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். இந்தப் பாசத்தை வைத்துத்தான் ஆட்டக் கம்பெனிகள் ஆளைப் பிடித்து வைக்கின்றன, அது எனக்குக் கோபத்தைத் தருகிறது. சில போர் ஆட்டங்களில் ஒருவர் காசு கொடுத்து ஏதாவது வாங்கினால் அவர் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் பரிசு போகும். அந்தப் பரிசைச் சும்மா பெற்றுக்கொண்டே இருக்கிறவருக்கு ஒருநாள் கூச்சம் வரத்தானே செய்யும், "நாமும் ஒருதடவை வாங்குவோம்" என்று? தினமும் வந்தால் வரிசையாகக் கிடைத்து, ஒருநாள் வராவிட்டால் அறுந்துபோகும் பரிசுகளும் அப்படித்தான். அப்புறம், எல்லாக் கூட்டமும் நல்ல கூட்டம் இல்லை. பேசிக்கொண்டே ஆடும் வேறு ஆட்டங்களின் வாய்ஸ் சாட்டில் பெண் குரலைக் கேட்டதும் ஆபாசமாகப் பேசுவார்கள் என்பதால் மைக்கை அணைத்துவிட்டே ஆடும் பெண்கள் நிறைய. இப்படிப்பட்ட இடத்தில் தம்பி இருந்தால் வெளியே வரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். காசு எவ்வளவு போகிறது என்றும் நேராகக் கேளுங்கள், அக்காவுக்கு அந்த உரிமை உண்டு.

கேட்பதற்கு முன்னால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கிராமத்தைக் காட்டச் சொல்லுங்கள். யார் படை அனுப்பினார், அந்த ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். இந்த நாலு வருடத்தில் வீட்டில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? அப்படியே வார் எத்தனை மணிக்கு முடிகிறது என்றும் தெரிந்துகொண்டால் சாப்பாட்டை முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் விசேஷம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, அவருக்கே தெரிந்திருக்கும்: இந்த வாருக்கு நான் இல்லை என்று சொல்ல ஒரு பொத்தான், தொட்டால் பச்சை சிவப்பாகும். சிவப்பைப் பார்த்தால் நல்ல தலைவர் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். மற்ற 14 பேரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எல்லோருக்கும் வீடு இருக்கிறது.