பி.எஸ்.எல். இருக்கும்போது சாஃபா எதற்கு?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பெரிய க்ளப்புகளின் கால்பந்து லீக்கை பி.எஸ்.எல். (பிரீமியர் சாக்கர் லீக்) நடத்துகிறது. அப்புறம் சாஃபா (தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கம்) என்று தனியாக ஒன்று எதற்கு? அது எப்படி வந்தது?

பி.எஸ்.எல். நடத்துவது மேலே உள்ள இரண்டு பிரிவுகளை மட்டும்தான். அதுவே சாஃபாவின் ஓர் உறுப்பினர். மூன்றாவது பிரிவிலிருந்து தெரு முனை க்ளப் வரை, பஃபானா பஃபானா என்கிற ஆண்கள் தேசிய அணி, பன்யானா பன்யானா என்கிற பெண்கள் தேசிய அணி, ரெஃபரிகள், கோச்சுகளின் லைசென்ஸ், ஃபிஃபாவோடு உள்ள உறவு, இவ்வளவும் சாஃபாவின் பொறுப்பு. நான் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் ஒரு சின்ன க்ளப்புக்கு ஆட்டக்காரர் பதிவு வேலை பார்க்கிறேன், அதனால் அந்தக் கீழ்த்தட்டை நன்றாகவே தெரியும். ஆனால் "எதற்கு" என்பதற்கான பதில் பழைய கதையில்தான் இருக்கிறது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

இங்கே வெள்ளையர்களின் கால்பந்துச் சங்கம் 1892லேயே வந்துவிட்டது. அதில் மற்றவர்களுக்கு இடம் இல்லை. நம் இந்திய ஆட்கள் தனியாக ஆடினார்கள். 1903லிருந்து இந்தியர் அணிகள் மாகாணத்துக்கு மாகாணம் மோதிய சாம் சைனா கோப்பை, டர்பனில் கரீஸ் ஃபவுண்டன் மைதானம், இதெல்லாம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் சாப்பாட்டு நேரத்தில்கூட வந்துகொண்டே இருக்கும். 1951இல் ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பினத்தவர்), இந்தியர் சங்கங்கள் சேர்ந்து ஒரு சம்மேளனம் அமைத்தன. அதற்குப் பிறகு நடந்த சண்டை மைதானத்தில் நடக்கவில்லை, கடிதத்தில் நடந்தது. நாட்டில் பந்து ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் எங்கள் பக்கம், அப்படியிருக்க தென்னாப்பிரிக்கா என்ற பெயர் ஏன் வெள்ளையர் சங்கத்துக்கு மட்டும் என்று ஃபிஃபாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1961இல் ஃபிஃபா வெள்ளையர் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. 1963இல் ஃபிஃபா தலைவர் ஸ்டான்லி ரூஸ் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போக, தடை நீங்கியது. அந்தச் சமயத்தில் வெள்ளையர் சங்கம் வைத்த யோசனையைக் கேளுங்கள்: 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளையர் அணி, 1970க்குக் கறுப்பர் அணி! படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் விடவில்லை, 1964 டோக்கியோ மாநாட்டில் தடை திரும்ப வந்தது. 1976இல், சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்ட அடுத்த மாதமே, முழுதாக வெளியேற்றினார்கள்.

சாஃபா இந்த இடத்திலிருந்து வந்ததுதான். 1991 மார்ச் 23இல், பிரிந்து கிடந்த அமைப்புகள் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒன்றானதால் பிறந்தது. 1992 ஜூலையில் ஃபிஃபா சேர்த்துக்கொண்டது, சில நாட்களிலேயே முதல் ஆட்டம், அதுவும் எங்கள் டர்பனில், கிங்ஸ் பார்க்கில், கேமரூனுக்கு எதிராக. டாக்டர் குமாலோ பெனால்ட்டி அடித்து 1-0. நாலு வருஷத்தில் ஆப்பிரிக்கக் கோப்பை, 1998இல் உலகக் கோப்பைக்கு நுழைவு, 2010இல் உலகக் கோப்பையே நம் வீட்டில்.

ஆக, இந்தச் சங்கத்தின் முதல் வேலை, நாட்டுக்கு ஒரே ஒரு அணி, அதில் யாரும் வரலாம் என்ற உரிமையைக் கையில் வைத்திருப்பது. ஒரு லீக்கால் அதைச் செய்ய முடியாது, லீக் க்ளப்புகளுடையது.

இரண்டாவது வேலை காகித வேலை, அதை யாரும் மதிப்பதில்லை. போன வருஷம் நடந்ததைப் பாருங்கள். 2025 மார்ச்சில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் லெசோத்தோவை 2-0 என்று வென்றோம். ஆனால் முந்தைய தகுதி ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியிருந்த டெபோஹோ மொகொயேனாவை அன்று இறக்கியிருக்கவே கூடாது. செப்டம்பரில் ஃபிஃபா அதை 0-3 தோல்வியாக மாற்றி மூன்று புள்ளிகளைப் பறித்தது. ஆட்டக்காரர்கள் ஓடி உழைத்ததை ஓர் அலுவலகக் கவனக்குறைவு தின்றுவிட்டது. அக்டோபரில் ருவாண்டாவை 3-0 என்று அடித்து 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதால் பலர் மறந்துவிட்டார்கள். நான் மறக்கமாட்டேன், ஏனென்றால் எங்கள் க்ளப்பில் பதிமூன்று வயதுப் பையனின் அட்டைக் கணக்கைக்கூட நோட்டில் எழுதி வைக்கிறோம்.

என் குறை வேறு. மேலே அணி ஜெயித்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். 2022இல் பன்யானா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது ஊரே ஆடியது, ஆனால் எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு வாரா வாரம் ஆட ஒழுங்கான லீக் இன்னும் இல்லை. சாஃபாவுக்கு நாடு முழுக்க 52 வட்டாரங்கள், ஒவ்வொன்றின் கீழும் உள்ளூர்ச் சங்கங்கள். தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அந்த வட்டாரங்களின் கை பெரியது. அதனால் உங்கள் பிள்ளை இங்கே ஆடுகிறது என்றால் உள்ளூர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள், பெண்கள் லீக் எங்கே என்று எழுந்து கேளுங்கள், அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் எழுதப்படுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.