கண் அயரும் நேரத்தில் தூக்கிப்போடும் உடல்: எதற்குப் பயப்படலாம், எதற்குத் தேவையில்லை

கேள்வி: எனக்கு வயது 34. உப்புவெளியில் வசிக்கிறேன், சீனக்குடாப் பக்கம் முறைமாற்று வேலை. ஒரு மாதமாக, கண் அயர்ந்து வரும் வேளையில் பள்ளத்தில் விழுவது போல இருந்து கால்கள் உதறுகின்றன. சில இரவுகளில் உடம்பெல்லாம் கரண்ட் அடித்தது போல ஓர் அதிர்ச்சி. இரண்டு தடவை தலைக்குள் வெடிச் சத்தம் கேட்டு எழும்பி உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடத்ததால் ஈசிஜி எடுத்தேன், பிழை எதுவும் இல்லை என்றார்கள். அம்மா, பயந்திருக்கிறேன் என்று சொல்லிப் பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டிவிட்டார். இப்போது படுக்கவே பயமாக இருக்கிறது. இது வலிப்பின் தொடக்கமா? நித்திரைக் குளிசை எடுக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் நித்திரையின் வாசலில் ஏற்படும் இயல்பான தசைத் துடிப்புத்தான். பத்துப் பேரில் ஆறேழு பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதனை உணர்ந்திருக்கிறார்கள். விழிப்பிலிருந்து முதற்கட்ட நித்திரைக்குள் நுழையும் சில நிமிடங்களில், உடலை விழிப்பாக வைத்திருக்கும் மூளைத்தண்டின் நரம்பு வலையமைப்பு படிப்படியாக அடங்குகிறது. அவ்வாறு அடங்கும்போது சில வேளை அங்கிருந்து முதுகுத்தண்டு வழியாகத் தசைகளுக்கு ஒரு திடீர்க் கட்டளை பாய்ந்து, கால்களோ முழு உடலோ ஒரு கணம் உதறிக்கொள்கிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பள்ளத்தில் விழும் உணர்வு, அந்த உதறலை அரைநித்திரையில் இருக்கும் மூளை புரிந்துகொள்ளும் விதம். மரத்தில் உறங்கிய நம் மூதாதைக் குரங்குகள் கீழே விழாமல் இருப்பதற்காக வந்த பழக்கம் இது என்று சமூக ஊடகங்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். கேட்பதற்குச் சுவையான ஊகம், அதற்கு மேல் அதற்குப் பெறுமதி இல்லை.

கரண்ட் அடித்தது போன்ற உணர்வும் தலைக்குள் கேட்கும் வெடிச் சத்தமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1876ஆம் ஆண்டிலேயே இத்தகைய அதிர்ச்சிகளை விவரித்து எழுதியிருக்கிறார். சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்டாலும் வலி இராது, கேள்திறனும் கெடாது. தலைக்குள் எதுவும் வெடித்துவிடவும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் உடல் உண்மையாகவே திடுக்கிடுவதால் அட்ரினலின் சுரந்து, நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டும். உங்களை ஈசிஜி வரை கொண்டுபோனது இந்தப் படபடப்புத்தான். அது இதயத்தில் தொடங்கிய கோளாறல்ல, திடுக்கிட்டதன் விளைவு.

அப்படியானால் ஒரு மாதமாக விடாமல் வருவது ஏன்? இங்கேதான் உங்கள் வேலையையும் தேநீரையும் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. இரவு முறை முடித்துப் பகலில் படுப்பவர்களுக்கு நித்திரைக் கடன் சேர்ந்துகொண்டே போகும். அதனுடன் கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் பகல் நித்திரை எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். களைத்த மூளை நித்திரைக்குள் மெல்ல இறங்காமல் சட்டென்று சரிகிறது, உதறலும் கூடுகிறது. சாயம் கூடிய பிளேன்டீ, கோப்பி, எனர்ஜி பானம் ஆகியவற்றிலுள்ள கஃபீன் இன்னொரு காரணம். உடலில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் எடுக்கும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும், கால்வாசி அதிகாலை 3 மணிக்கும் உங்கள் இரத்தத்தில் இருக்கும். எனவே படுக்கும் நேரத்துக்கு முந்திய எட்டு மணி நேரத்தில் இவற்றைத் தவிருங்கள். இரவு முறையாயின் முதற்பாதியுடன் தேநீரை நிறுத்திவிடுங்கள். சிகரெட், படுக்கப்போகுமுன் செய்யும் கடும் உடற்பயிற்சி, ஆஸ்துமாவுக்கான தியோபிலின் குளிசை, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் என்பவையும் உதறலைத் தூண்டலாம். மனச்சோர்வு மருந்தை மருத்துவரிடம் கேட்காமல் திடீரென நிறுத்தியவர்களுக்குப் பகலிலும் தலைக்குள் மின்னதிர்ச்சி போன்ற உணர்வு வரும். அப்படி எதையாவது நிறுத்தியிருந்தால் மருந்து தந்தவரிடமே திரும்பிச் செல்லுங்கள்.

ஆயினும் இவை எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம், 'இன்றைக்கும் வருமோ' என்று நீங்கள் காத்திருப்பதுதான். அப்படி உடலைக் காவல் காத்தபடி படுத்திருப்பவரின் மூளை அரைவிழிப்பிலேயே நிற்கிறது. நித்திரையின் வாசலை ஒரே தடவையில் கடந்துவிடாமல் பல தடவை உள்ளே போய் வெளியே வருகிறது, ஒவ்வொரு தடவையும் உதறலுக்கு இடம் கிடைக்கிறது. ஆகவே உதறலை நிறுத்த முயலாதீர்கள். வந்தவுடன் நாடியைப் பிடித்துப் பார்ப்பது, கைபேசியை எடுத்து அறிகுறிகளைத் தேடுவது, அருகில் படுப்பவரை எழுப்பிக் கேட்பது ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். மூச்சை மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததை விடச் சற்று நீளமாக விட்டபடி, 'உதறினால் உதறட்டும்' என்று அப்படியே படுத்திருங்கள். இருபது நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் எழுந்து முற்றத்திலோ விறாந்தையிலோ மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து, கண் சொருகும்போது மட்டும் திரும்பி வாருங்கள். அம்மா கட்டிய நூலை அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். அது உங்கள் காவலைச் சற்றுத் தளர்த்துமாயின் நல்லதே.

வலிப்பு பற்றிய உங்கள் பயத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் உதறல் கண் அயரும் வேளையில் மட்டும் வருகிறது, ஒரு கணத்தில் முடிகிறது, உடனே முழு நினைவுடன் விழிக்கிறீர்கள். வலிப்பைச் சந்தேகிக்க வைப்பவை வேறு: காலையில் எழும்பிய பின் கைகள் வெட்டி இழுத்து, தேநீர்க் கோப்பையோ பல் தூரிகையோ கை நழுவி விழுதல், நாக்கைக் கடித்திருத்தல், படுக்கையில் சிறுநீர் போயிருத்தல், விழித்த பின் சிறிது நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதிருத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் சென்று காட்ட வேண்டும்.

நித்திரைக்குள் ஆழ்ந்த பிறகும் இருபது நாற்பது விநாடிக்கு ஒரு தடவை கால் ஒரே சீராக இழுத்தால் அது வேறொரு கோளாறு, அப்படி இழுக்கிறதா என்பதை அருகில் படுப்பவர்தான் சொல்ல முடியும். முடிந்தால் கைபேசியில் ஒரு சிறு காணொளி எடுக்கச் சொல்லுங்கள், பத்து நிமிட விளக்கத்தை விட அது மருத்துவருக்கு உதவும். மூச்சுத் திணறியோ பலத்த குறட்டை நடுவில் நின்றோ திடுக்கிட்டு எழுந்தால் அது மூச்சுத்தடைக் கோளாறாக இருக்கலாம். மாலையானதும் காலுக்குள் ஊர்வது போலிருந்து, அசைத்தால் மட்டும் ஆறுமாயின் அது 'அமைதியில்லாத கால்கள்' என்ற கோளாறாக இருக்கலாம், இரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது) அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைந்தவர்களிலும் சிறுநீரக நோயாளரிலும் இது அதிகம் என்பதால், சிறுநீரக நோய் அதிகமுள்ள பதவி சிறிபுர போன்ற பகுதிகளிலிருந்து எழுதும் வாசகர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது.

நித்திரைக் குளிசை இப்போது வேண்டாம். உதறல் மிகக் கடுமையாகி நித்திரையையே கெடுத்தால் குறைந்த அளவில் குளோனசெபாம் கொடுப்பதுண்டு. ஆனால் அது பழக்கமாகிவிடும் மருந்து, பார்மசியில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியதல்ல. பலர் நித்திரைக்கென்று போடும் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை, அமைதியில்லாத கால்களை இன்னும் மோசமாக்கக்கூடும். ஒரு மிடறு சாராயம் முதலில் உறங்க வைத்தாலும் பின்னிரவில் எழுப்பிவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இரவு முறை முடிந்து சீனக்குடாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது இதே திடுக்கிடல் வந்தால், அந்தக் கணம் நீங்கள் ஓட்டிக்கொண்டே உறங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். படுக்கையில் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றேன். வீதியில் வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி, இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டுப் புறப்படுங்கள், அல்லது அந்த வாரம் முழுவதும் பேருந்தில் போய் வாருங்கள்.