யூரிக் ஆசிட் 8.6, சாந்தீன் ஆக்ஸிடேஸை அடக்கும் மாத்திரையை விடாமல் போட வேண்டுமா? பாக்கெட் பாலை நிறுத்த வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால்: இந்த வருஷம் இரண்டு தடவை கால் பெருவிரல் வீங்கியிருக்கிறது. கௌட் என்பது இதுதான், யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வீக்கம். சாந்தீன் ஆக்ஸிடேஸை அடக்கும் அலோபுரினால் மாத்திரையை 300 மில்லிகிராமில் தொடங்கியதும் வலி கூடிவிட்டதால் மாத்திரையை விட்டுவிட்டீர்கள். பாக்கெட் பாலில் இருக்கும் சாந்தீன் ஆக்ஸிடேஸ் ரத்தக்குழாயை அரிக்கும் என்று மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் பாலையும் விட்டுவிட்டீர்கள். இரண்டையும் விட்டிருக்க வேண்டியதில்லை.

முதலில் சாந்தீன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. நம் செல்கள் அழிந்து புதுப்பிக்கும்போதும், ஈரல், குடல் குழம்பு, நெத்திலி என்று சாப்பிடும்போதும் பியூரின் சேர்கிறது. அது ஹைப்போசாந்தீனாகி, பிறகு சாந்தீனாகி, கடைசியில் யூரிக் ஆசிட் ஆகிறது. அந்தக் கடைசி இரண்டு படியையும் செய்வது இந்த ஒரே நொதிதான். ஈரலிலும் குடலிலும் அதிகம் உண்டு. இயல்பான உருவத்தில் அது பிடுங்கும் எலக்ட்ரானை என்ஏடி என்ற மூலக்கூறிடம் ஒப்படைத்துவிடும், தொல்லை கிடையாது. ரத்த ஓட்டம் தடைபட்ட திசுவிலும், அழற்சி உள்ள இடத்திலும் அதே நொதி ஆக்ஸிடேஸ் உருவத்துக்கு மாறி, எலக்ட்ரானை நேராக ஆக்ஸிஜனுக்குக் கொடுக்கிறது. அப்போது செல்லைக் கெடுக்கும் சூப்பர்ஆக்ஸைடும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் பிறக்கின்றன. ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை இந்தச் சூப்பர்ஆக்ஸைடு தீர்த்துக்கட்டிவிடும். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்த நேரத்தில், செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு சிதைந்து ஹைப்போசாந்தீன் குவிந்திருக்கும். அடைப்பை நீக்கியதும் ஆக்ஸிஜனும் வந்து சேர, சேதம் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும்.

அப்படியானால் நொதியை அடக்கினாலே இதயம் பிழைக்குமே என்று தோன்றும். விலங்குச் சோதனைகள் அப்படித்தான் ஆசை காட்டின. ஆனால் பிரிட்டனில் கௌட் இல்லாத, 60 வயது தாண்டிய இதய நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம் வரை அலோபுரினால் கொடுத்துப் பார்த்த ஆல்-ஹார்ட் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. மாரடைப்போ, பக்கவாதமோ, இதயச் சாவோ குறையவில்லை. அதனால் ஒரு தடவைகூடக் கால் வீங்காமல், ரிப்போர்ட்டில் 7.5 என்று பார்த்ததுமே பயந்து மாத்திரை போடுவதற்குப் பெரும்பாலும் அவசியமில்லை. "ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்கும்" என்று விற்கிற கேப்ஸ்யூல்களுக்கும் இதே பதில். உங்கள் கதை வேறு. வருஷத்தில் இரண்டு முறை வந்துவிட்டது. உங்களுக்கு மாத்திரை தேவை.

பால் விஷயம். பாலின் கொழுப்புத் துளிகளைச் சுற்றியுள்ள படலத்தில் இந்த நொதி இருப்பது உண்மை. ஹோமோஜெனைஸ் செய்த பாலிலிருந்து அது ரத்தத்தில் ஏறி இதயத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஒரு கருத்து கிளம்பியது. அது ஆராய்ச்சியில் நிற்கவில்லை. நாம் பாலைப் பொங்கக் காய்ச்சும்போதே நொதி செயலிழந்துவிடும்; மிச்சமிருந்தாலும் வயிற்றில் எல்லாப் புரதத்தையும் போலச் செரித்துப்போகும். கொழுப்பு குறைந்த பாலும் தயிரும் சாப்பிடுகிறவர்களுக்குக் கௌட் குறைவாகத்தான் வருகிறது. ஜிகர்தண்டாவில் பயப்பட வேண்டியது பாலுக்கு இல்லை, அதில் கொட்டுகிற சர்க்கரைக்கும் சர்பத்துக்கும். சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைக் கையாளும்போது ஈரல் ஏடிபியை வேகமாகச் செலவழிக்க, அந்தக் கழிவு யூரிக் ஆசிட்டாக வந்து நிற்கும்.

இப்போது மாத்திரை. எடுத்த எடுப்பில் 300 என்பதுதான் கோளாறு. வழக்கமாக 100 மில்லிகிராமில் தொடங்க வேண்டும். சிறுநீரகம் பலவீனம் என்றால் 50. நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்து 100, 100 ஆக ஏற்ற வேண்டும். இலக்கு 6-க்குக் கீழே; தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி தெரிந்தால் 5-க்குக் கீழே. 300-இலும் இறங்கவில்லை என்றால் அதற்கு மேலேயும் ஏற்றலாம். தொடங்கியதும் வலி வந்தது மருந்து ஒத்துக்கொள்ளாததால் இல்லை. ரத்தத்தில் அளவு சட்டென்று இறங்கும்போது மூட்டில் படிந்த படிகங்கள் கரைந்து உதிர்கின்றன, உடல் அதோடு மல்லுக்கட்டுகிறது. இதைத் தடுக்கத்தான் முதல் 3 முதல் 6 மாதம் கோல்ச்சிசின் 0.5 மில்லிகிராம் தினம் ஒன்றோ இரண்டோ சேர்த்துக் கொடுப்பார்கள். வயிற்றோட்டம் வந்தால் அதன் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். வலி வந்தாலும் அலோபுரினாலை நிறுத்தக்கூடாது. ஒரே விதிவிலக்கு: முதல் இரண்டு மாதத்துக்குள் உடம்பில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரிதுதான், ஆனால் உயிரை வாங்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோப்ரின் சாப்பிடுகிறவர் அலோபுரினாலை டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. அந்த மருந்தை உடைப்பதும் இதே நொதிதான்; நொதியை அடக்கினால் மருந்து உடம்பில் தேங்கிவிடும்.

"டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்" என்று சிலர் கேட்பார்கள். உங்கள் மாத்திரையை மாற்றச் சொல்லவில்லை. இதையெல்லாம் கேள்வியாக அவரிடம் கொண்டுபோகத்தான் சொல்கிறேன். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் பேப்பரில் மடித்துத் தருகிற "செட்" மாத்திரையைக் கேட்க யாருமில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். டைக்ளோஃபினாக்கும் ஸ்டீராய்டும் கலந்த அந்தப் பொட்டலம் சாயந்திரத்துக்குள் வலியைக் குறைத்துவிடும், ஆனால் யூரிக் ஆசிட்டைக் கட்டுக்குள் வைக்காது. சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்த உடம்பில் டைக்ளோஃபினாக்கை வாரக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம்.

இன்னும் இரண்டு. வீங்கியிருக்கும்போது எடுத்த டெஸ்டில் அளவு குறைவாகக் காட்டலாம்; வீக்கம் வடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்று இருக்கிறதா பாருங்கள். யூரிக் ஆசிட்டை ஏற்றுகிற மருந்து அது. இருந்தால் அந்த அட்டையையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, பதிலுக்கு லோசார்டான் ஒத்துவருமா என்று கேளுங்கள். அது யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கவும் செய்யும்.